குழாயில் வெறும் தண்ணீர்

என் தம்பி துல்லியோ சட்டென்று ஒத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சண்டை போட்டானென்றால் அவன் மனதில் ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே "சரி" என்றானென்றால் எங்கேயோ ஒரு கொல்லைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

போன வாரம் அப்படித்தான் சொன்னான். "சரி மிரெல்லா, உன் இஷ்டம். தண்ணிக் கணப்பே போட்டுடலாம்."

மிரெல்லா அவன் மனைவி. அன்றைக்கு அவள் அழுதுவிட்டாள். வீட்டைச் சூடாக்கும் ஒரு கணப்புக்காக யாராவது அழுவார்களா என்று கேட்பீர்கள். பனி மலைகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் சோல்தோ பள்ளத்தாக்கில் அழுவார்கள்.

இங்கே பாதிப் பேர் ஜெர்மனியில் ஐஸ்கிரீம் கடை வைத்திருப்பவர்கள். பிப்ரவரியில், பனி இறுகிக் கிடக்கும்போதே வீட்டைப் பூட்டிக்கொண்டு மலை இறங்கினால் அக்டோபர் கடைசியில்தான் திரும்புவார்கள். கல்யாணம், ஞானஸ்நானம், பாகப்பிரிவினைச் சண்டை எல்லாமே குளிர்காலத்தில்தான். எங்களுக்கு முகூர்த்த மாதமே நவம்பரும் டிசம்பரும். துல்லியோவும் மிரெல்லாவும் கல்யாணமான கையோடு போனவர்கள், இன்றுவரை அதே பிழைப்பு. அவர்களுடைய ஒரே மகள் செரேனாவை மூன்று வயதிலிருந்து அத்தையான நான்தான் வளர்த்தேன். வீட்டுச் சாவியும் என்னிடம், பிள்ளையும் என்னிடம்.

அந்தச் செரேனா இப்போது முழுகாமல் இருக்கிறாள். மார்ச்சில் பிரசவம். அவளும் அவள் கணவன் டெனிஸும் ஜனவரியில் இந்த வீட்டு மாடிக்கே குடிவந்துவிடுவதாகப் பேச்சு. டெனிஸுக்கு மலைக்குக் கீழே மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. இங்கிருந்தே போய்வரலாம்.

மிரெல்லாவின் ஆசை ஒன்றே ஒன்று. இந்த மார்ச்சில் அவள் ஜெர்மனியில் இருக்கக்கூடாது. தன் மகளுக்குப் பல் விழுந்ததையும், அம்மை வார்த்ததையும், முதல் நாள் பள்ளிக்கூடம் போனதையும் தொலைபேசியில் கேட்டவள் அவள். இந்தப் பிள்ளையையும் அப்படிக் கேட்டுக்கொண்டு இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். துல்லியோவும் வாக்குக் கொடுத்திருந்தான். நவம்பர் தொடக்கத்தில், கல்லறைத் திருநாள் அன்று, எங்கள் அப்பா அம்மா கல்லறை முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, "இனிமே போகல, போதும்" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆனால் வாக்கை நம்புவதா, கணப்பை நம்புவதா? எங்கள் ஊரில் ஒருவன் தங்குவானா போவானா என்று தெரிய வேண்டுமானால் அவன் வாயைப் பார்க்க மாட்டோம், என்ன கணப்பு வைக்கிறான் என்று பார்ப்போம்.

அவர்கள் வீட்டுப் பழைய டீசல் கொதிகலன் போன குளிர்காலத்தில் மண்டையைப் போட்டது. இனி மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட் குச்சிதான் எரிப்பது என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. எந்த மாதிரிக் கணப்பு என்பதில்தான் சண்டை. அதற்காகப் போன வாரம் முழுக்க நாங்கள் மூவரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். கடைக்குப் போவதெல்லாம் கடைசியில்தான். முதலில் தெரிந்தவர்கள் அடுப்படியில் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்கள் தங்கள் கணப்பைத் தாங்கள் பெற்ற பிள்ளை மாதிரி மெச்சுவார்கள். அதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் என் வீடு. என்னுடையது காற்றுக் கணப்பு. உள்ளே குச்சி எரியும், விசிறி சூட்டை வெளியே தள்ளும், அவ்வளவுதான். காபி கொதிப்பதற்குள் அடுப்படி வெதுவெதுப்பாகிவிடும். ஆனால் விசிறிச் சத்தத்தில் தொலைக்காட்சியில் செய்தி படிப்பவள் எனக்காகத் தனியாகக் கத்த வேண்டும். படுக்கையறைக்குச் சூடு எட்டாது. நான் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். துல்லியோவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "வந்தோமா, சூடாச்சா, அணைச்சோமா, போனோமா. எவ்வளவு வசதி" என்றான். "போனோமா" என்ற இடத்தில் மிரெல்லா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்து ரொட்டிக்கடை ரொசெல்லா வீடு. அவளுடையது புகுத்துக் குழாய் வைத்த கணப்பு. அதே சூடான காற்றுதான், ஆனால் தொடை பருமன் குழாய்கள் சுவருக்குள் ஏறி மாடியறை வரைக்கும் கொண்டுபோகும். மாடி சூடாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்படியில் பேசுவதெல்லாம் அந்தக் குழாய் வழியாக மாடிக்குப் போகிறது. மாமியாரைப் பற்றி ரொசெல்லா கணவனிடம் முணுமுணுத்ததெல்லாம் மாமியார் கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டு, காலையில் வரிசையாகப் பதில் சொன்னாளாம். அதிலிருந்து அந்த வீட்டில் யார் குறை பேசுவதானாலும் மாட்டுக்கொட்டகைக்குப் போய்த்தான் பேசுகிறார்கள். துல்லியோ இதற்கும் தலையாட்டினான். காற்றுதானே, உறையாதே என்றான்.

கடைசியில் தபால்காரர் பேப்பி வீடு. தண்ணீர்க் கணப்பு. நெருப்பு தண்ணீரைச் சூடாக்கும், மோட்டார் அந்தத் தண்ணீரைக் குழாய் வழியே ஒவ்வொரு அறையிலும் சுவரோரம் நிற்கும் இரும்பு ரேடியேட்டருக்கு அனுப்பும். சூடாவதற்கு நேரம் எடுக்கும். காலையில் பற்றவைத்தால் மத்தியானத்துக்கு மேல்தான் மாடி சுதாரிக்கும். ஆனால் ஒருதடவை சூடேறிவிட்டால் அடுப்படி, குளியலறை, மாடி எல்லாம் ஒரே மாதிரி. சத்தமே இல்லை. "பசு மாடு வச்சிருக்கிற மாதிரிதான்மா" என்றாள் பேப்பியின் மனைவி. "தினமும் மூட்டை பிரிச்சுக் கொட்டணும், சாம்பல் எடுக்கணும். விட்டுட்டு எங்கயும் போக முடியாது."

துல்லியோ முகம் சுருங்கிப்போனது. மிரெல்லா மாடியில் ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றவள்தான், கூப்பிட்டாலும் இறங்கி வரவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் அவன் சிரித்துக்கொண்டே "சரி" என்றது.

இன்று காலை கணப்பு வந்தது.

கடைக்கார இவானோவும் அவன் தம்பியும் வண்டியிலிருந்து இறக்கினார்கள். கருஞ்சிவப்பு நிறம், என் இடுப்புக்கு மேல் உயரம். இரண்டு பேரும் மூச்சுவாங்க அடுப்படிக்குள் நகர்த்தி வந்தபோது மிரெல்லா தரையில் கிடந்த விரிப்புகளையெல்லாம் எடுத்து வாசலில் எறிந்தாள். விடிவதற்கு முன்பே எழுந்து பொலென்தா என்கிற சோளக் களிக்கு மாவு அளந்து வைத்திருக்கிறாள். பாஸ்தின் இறைச்சி உருண்டைகளைத் தட்டி அடுக்கி வைத்திருக்கிறாள். புதுக் கணப்பு வைக்க வந்தவர்களுக்கு அந்த வீட்டிலேயே சாப்பாடு போட வேண்டும். இல்லாவிட்டால் கணப்பு புகையும் என்பார்கள். மூடநம்பிக்கைதான், ஆனாலும் நான் இதுவரை யாரையும் பட்டினியாக அனுப்பியதில்லை.

துல்லியோவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சும்மா சும்மா சாலைக்குப் போய் நின்றான். ஒரு பாட்டை விசிலடித்தான். எங்கள் அப்பாவிடம் பொய் சொன்ன நாட்களில் அடிப்பானே, அதே விசில்.

இவானோ வேலை செய்துகொண்டே பேசுகிறவன். புகைக்குழாய் சுத்தம் என்றான், சுவர்த்துளை சரியாக இருக்கிறது என்றான், பழைய ரேடியேட்டர் குழாய்கள் இன்னும் உங்கள் மகளுடைய பேரப்பிள்ளைகள் வரைக்கும் தாங்கும் என்றான். மிரெல்லா அதைக் கேட்டு முகம் சிவந்து சிரித்தாள். பிறகு மாடிக்கு ஓடிவிட்டாள். நானும் பின்னால் போனேன். ரேடியேட்டருக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டி, தொட்டிலை இங்கே வைக்கலாமா என்று கேட்டாள். ரேடியேட்டர் பக்கத்தில் வைத்தால் பிள்ளைக்கு மூக்கு காய்ந்துவிடும், தள்ளி வை என்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆனால் அவள் முகம் கொஞ்சம் வாடியது. இதெல்லாம் நாத்தனாருக்குத் தெரிந்து தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு எப்போதும் ஒரு முள் உண்டு. அந்த முள்ளை நானும் பார்க்காத மாதிரியே இருந்து பழகிவிட்டேன்.

ஜன்னல் வழியாக வண்டி தெரிந்தது. இவானோவின் தம்பி அதிலிருந்து இரண்டு நீல நிறக் கேன்களை இறக்கி வாசற்படியில் வைத்தான்.

நான் பார்த்தேன். மிரெல்லாவும் பார்த்தாள்.

எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் அந்த நீலக் கேன் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. உறையா மருந்து. பிப்ரவரியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள், ஆளில்லாத வீட்டில் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்க அதைக் கலந்து விடுவார்கள். பழைய கொதிகலனிலும் அதுதான் இருந்தது. அந்த மருந்தின் இனிப்பு வாடையோடுதான் அவர்கள் ஒவ்வொரு வருடமும் கதவைப் பூட்டினார்கள். ஆள் குடியிருக்கும் வீட்டில் எவனும் அதை ஊற்ற மாட்டான்.

"நமக்குன்னு இருக்காது" என்றேன் நான். "வேற வீட்டுக்கு எடுத்துட்டுப் போறானோ என்னவோ."

மிரெல்லா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். கீழே இறங்கிப் போனாள். நானும் போனேன். அவள் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ நேராக அடுப்புக்குப் போய்க் களியைக் கிண்ட ஆரம்பித்தாள். கை மட்டும் வேகமாகப் போனது.

எல்லோரையும் சாப்பிட உட்கார வைத்தாள். களியைப் பலகையில் கவிழ்த்து நூலால் அறுத்தாள். பாஸ்தினை எடுத்து எடுத்து வைத்தாள். துல்லியோவுக்குப் பெரிய துண்டு. எல்லோர் தட்டும் நிறைந்த பிறகு அவளும் உட்கார்ந்தாள். ஆனால் முட்கரண்டியைத் தொடவில்லை.

"இவானோ, இந்தப் பக்கத்துல நீ எவ்வளவோ தண்ணிக் கணப்பு வச்சிருப்ப. ஆள் இருக்கிற வீட்டுக்கு நீல மருந்து ஊத்துவியா?"

இவானோ வாயில் போட்டதை முழுங்கவில்லை. துல்லியோவைப் பார்த்தான். துல்லியோ தட்டைப் பார்த்தான்.

"இல்லக்கா" என்றான் இவானோ மெதுவாக. "ஊத்தினா சூடு மந்தமாயிடும். பூட்டி வைக்கிற வீட்டுக்குத்தான். துல்லியோ அண்ணன் போன்ல கொண்டாரச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"இப்பத் தெரிஞ்சுடுச்சு" என்றாள் மிரெல்லா.

துல்லியோ ஒரு பாதுகாப்புக்குத்தான் என்றான். கரண்ட் போனால் என்ன செய்வது, எங்கேயாவது கல்யாணத்துக்குப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது என்று அடுக்கினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவனாலேயே அதைத் தொடர முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டான்.

"சொல்லுங்க" என்றாள் அவள். "அங்க கடைக்கு இன்னும் எத்தனை வருஷ வாடகைக்குச் சரின்னு சொல்லியிருக்கீங்க?"

"மூணு."

"எப்பச் சொன்னீங்க?"

அவன் என்னை ஒருதரம் பார்த்தான். "செப்டம்பர்ல. சீசன் முடிஞ்சு கடையை மூடறதுக்கு முந்தி. கட்டடத்துச் சொந்தக்காரன் கேட்டான், இல்லன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னான். சரின்னுட்டேன்."

செப்டம்பரில். அப்படியென்றால் கல்லறை முன்னால் நின்று வாக்குக் கொடுத்தபோதே உள்ளே இது இருந்திருக்கிறது. எங்கள் அப்பா அம்மா பெயர் செதுக்கிய கல்லுக்கு முன்னால், மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு. எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறுபதைத் தாண்டிய தம்பியை அடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இவானோவும் அவன் தம்பியும் தட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே போகப் பார்த்தார்கள். மிரெல்லா கையமர்த்தினாள். "நீங்க சாப்பிடுங்க. சாப்பிடாமப் போனா கணப்பு புகையும்." அவர்கள் உட்கார்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் இன்றைக்குத் தின்ற களி எப்படித்தான் உள்ளே இறங்கியதோ.

துல்லியோ அப்புறம் பேசினான். அவன் பேசியதை நான் நியாயமென்று சொல்லவில்லை, ஆனால் பொய்யென்றும் சொல்ல மாட்டேன். இங்கே ஏப்ரலில் என்ன செய்வது என்று தனக்குத் தெரியாது என்றான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஏப்ரலைக்கூட இங்கே பார்த்ததில்லை என்றான். அங்கே கடைக்கு வருகிற பிள்ளைகள் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும், அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களும் பிள்ளைகளாக வந்தவர்கள்தான் என்றான்.

"இங்க நான் யாரு? குளிர்காலத்துக்கு வந்துட்டுப் போறவன். இப்படியே உக்காந்தா ஒரு வருஷத்துல செத்துடுவேன் மிரெல்லா. உங்கிட்ட நேராச் சொல்ல எனக்கு வாய் வரல."

மிரெல்லாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் குரல் தடுமாறவில்லை.

"எனக்கும் அங்க பழக்கந்தான். கோடையில நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா என் மகளுக்குக் காய்ச்சல்னா நான் இந்த அண்ணிக்குப் போன் போட்டுக் கேப்பேன். இப்பவும் அவ காலு வீங்கியிருக்குன்னு எனக்கு அண்ணி சொல்லித்தான் தெரியுது. இந்த ஒரு தடவை அவ பக்கத்துல நான் இருக்கணும். அதைத் தவிர உங்ககிட்ட நான் எதுவுமே கேட்டதில்ல."

உண்மை. கேட்டதில்லை.

துல்லியோ தட்டை நகர்த்தி வைத்தான். பிறகு, மார்ச்சில் ஒரு மாதம் அவள் கடைப் பக்கமே வர வேண்டாம், மகளோடு இருக்கட்டும், கடையைத் தானே சமாளிக்கிறேன் என்று பேரம் பேசினான். அப்புறம் வீடு? அப்புறம் வீட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் அக்கா இருக்கிறாளே என்றான். மருந்து வேண்டாமென்றால் வேண்டாம், அக்கா தினமும் வந்து ஒரு மூட்டை கொட்டிவிட்டுப் போவாள், பக்கத்துத் தெருதானே என்றான்.

என்னைக் கேட்கவே இல்லை. நான் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், என் தட்டில் களி இருக்கிறது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் உயிர் இருக்கும் வரைக்கும் நான் அவன் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் என்றே நினைத்துவிட்டான்.

என் சட்டைப்பையில் அவர்கள் வீட்டுச் சாவி எப்போதும் இருக்கும். எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நான் இனிமே வரமாட்டேன் துல்லியோ. குளிருக்குப் பயந்துட்டுச் சொல்லல. நீ போறதுக்கு நான் தோதா இருந்து இருந்துதான் நீ போயிட்டே இருக்க."

அவன் முகம் வெளுத்துவிட்டது. மிரெல்லா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. இத்தனை வருடமும் எங்களுக்கு நடுவில் ஒரு பிள்ளை நின்றது. இன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் என்னைத் தன் பக்கத்து ஆளாகப் பார்த்தாள்.

அவள் எழுந்தாள்.

"இவானோ, கேனைத் திரும்ப வண்டியில ஏத்திடு. வெறும் தண்ணி விடு."

இவானோ மூக்கைச் சொறிந்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னான். இந்தப் பழைய குழாய்கள் தரைக்கடியில் மேடும் பள்ளமுமாகப் போகின்றன, பின்னால் மனது மாறித் திறந்துவிட்டாலும் தண்ணீர் முழுக்க வடியாது, வளைவுகளில் தங்கிவிடும், அப்புறம் மருந்து ஊற்றினாலும் அந்த இடங்களுக்குப் போகாது. பிப்ரவரியில் ஆளில்லாமல் கணப்பு அணைந்து ஒரே ஒரு ராத்திரி கிடந்தால் போதும், ரேடியேட்டரிலிருந்து கணப்பு வரைக்கும் எல்லாம் பிளந்துவிடும்.

"யாராச்சும் இருந்தே ஆகணும்க்கா. தினமும்."

"நான் இருப்பேன்" என்றாள் மிரெல்லா.

இவானோ துல்லியோவைப் பார்த்தான். வீட்டுக்காரன் வேண்டாமென்றால் அவன் நிறுத்தியிருப்பான். துல்லியோ வேண்டாமென்று சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், விறகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தலையில் தொப்பிகூட இல்லாமல் நின்றான்.

இவானோ குழாயைத் திறந்தான். சுவருக்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. முதலில் அடுப்படி ரேடியேட்டர் களகளவென்றது, அப்புறம் குளியலறை. அவன் தம்பி மாடியில் ஒவ்வொரு ரேடியேட்டராகத் திருகிக் காற்றை வெளியேற்றினான். மிரெல்லா ஒரு சட்டியோடு அவன் பின்னால் போய், தெறிக்கிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கணப்பைப் பற்றவைத்தார்கள். குச்சிகள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தன, புகைந்தன, கண்ணாடிக்குப் பின்னால் தீ எழுந்தது. புகை ஒரு துளிகூட வெளியே வரவில்லை. நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

இவானோ நீலக் கேன்களோடு கிளம்பிப் போனபோது வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. மலை முகட்டில் மட்டும் வெயில் மிச்சம் இருந்தது.

மாடி சூடாவதற்கு நேரமானது. நாங்கள் இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம். மிரெல்லா ரேடியேட்டரின் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். முதலில் அடிப்பாகம் வெதுவெதுத்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. "வந்துடுச்சு அண்ணி" என்றாள். சிரித்தாள். இந்த வீட்டில் அவளுக்கு என்று நடந்த முதல் காரியம் அது. எனக்கும் மனம் நிறைந்துபோனது. நானே தொட்டிலைத் தள்ளி வைக்கச் சொன்ன இடத்தை மறுபடி பார்த்து, அவள் சொன்ன இடமே சரி என்றுகூடச் சொன்னேன்.

துல்லியோ படியேறி வந்தான். கதவுக்கு வெளியே நின்றான். மூக்கும் காதும் குளிரில் சிவந்திருந்தன. உள்ளே வரவில்லை.

"தண்ணி விட்டாச்சா?"

"விட்டாச்சு" என்றேன்.

"நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். சாப்பாட்டுல சொல்ல வந்தேன். இவானோ இருந்தான்." அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "செரேனாவும் டெனிஸும் என்கூட வர்றாங்க மிரெல்லா. பிப்ரவரியில. டெனிஸோட தொழிற்சாலையில பாதிப் பேரை நிறுத்தறாங்க. அவனுக்கு வேலை போகுது. கடையை அவன் பேருக்கு எழுதிடலாம்னு இருக்கேன். அதுக்குத்தான் மூணு வருஷம்."

மிரெல்லாவின் கை ரேடியேட்டரிலேயே இருந்தது.

"பிரசவம்?"

"அங்கதான். ஆஸ்பத்திரியில பேசியாச்சு. ஞாயித்துக்கிழமை அவங்களே வந்து சொல்றதா இருந்தாங்க."

மாடியில் மகள் குடியிருக்கப்போகிற வீட்டுக்கு நீலக் கேன் எதற்கு என்று காலையிலிருந்து எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. செரேனா என்னிடம் சொல்லாமல் தலைக்குக்கூடக் குளிக்க மாட்டாள். வயிற்றில் பிள்ளை தரித்ததை டெனிஸுக்கு முன்னால் எனக்குச் சொன்னவள். இதைச் சொல்லவில்லை. என்னால் நம்ப முடியவில்லை, துல்லியோ முகத்தைப் பார்த்தால் நம்பாமலும் இருக்க முடியவில்லை. இப்போது அவன் விசிலடிக்கவில்லை.

மிரெல்லா மகளுக்காக இந்த மலையில் தன்னைக் கட்டிப் போட்டுக்கொண்டாள். மகளோ மலை இறங்கப் போகிறாள். கீழே குழாய்களில் வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, இனி இவள் இதை விட்டுவிட்டு ஒரு ராத்திரிகூட நகர முடியாது. சாவியைத் திருப்பிக் கொடுத்தவளும் நான்தான்.

"போன் போடுங்க அண்ணி" என்றாள் மிரெல்லா. "உங்க போன்லருந்து போடுங்க. அப்பத்தான் எடுப்பா."

போட்டேன். அவளே வாங்கி ஒலிபெருக்கியில் போட்டாள். முதல் மணியிலேயே செரேனா எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க அத்தை."

"அம்மா பேசறேன்."

அந்தப் பக்கம் செரேனா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்பா சொல்லிட்டாரா? கோபப்படாதம்மா. நானே நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தேன். ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல, அங்க யாரைத் தெரியும், பாஷை தெரியாத ஊர்ல எப்படிப் பெத்துக்கறதுன்னு. அப்பாதான் சொன்னாரு, அம்மா வருஷத்துல முக்கால்வாசி அங்கதான இருக்கா, உன்னைப் பக்கத்துலயே வச்சுப் பாத்துப்பான்னு. நீ அங்க இருப்பன்னுதான் நான் சரின்னே சொன்னேன்மா."